மேட்டுக் கட்டடத்தில் குடியிருந்தவர்

அகராதியைத் திறப்பதற்கு முன் ஒரு தேரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்க வந்திருக்கும் உங்களுக்குத் தோட்டத்து மாரியம்மன் தேர் எதற்கு என்று தோன்றும். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது. நான் தொழிலில் இருந்து ஒதுங்கிவிட்டவள். ஒரு நாற்காலியில் சேர்ந்தாற்போல் உட்காரத் தெரியாத பிறவி. இத்தனை வருடம் உட்கார்ந்ததே பெரிய காரியம். ஆகவே நான் நடந்துகொண்டே பேசுகிறேன். நீங்கள் உட்கார்ந்து கேளுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. இலங்கை மலையகத்தில், ஹட்டனில் இருந்து நோட்டன் பிரிட்ஜ் போகும் பாதையில் எங்கள் தேயிலைத் தோட்டம். மேட்டில் பெரிய துரையின், அதாவது தோட்ட மேனேஜரின், பங்களா. அதன் புல்வெளியில் பனிமூட்டம்கூட அனுமதி கேட்டுக்கொண்டுதான் இறங்கும். கீழே வரிசை வரிசையாக லயங்கள், ஒரே கூரையைப் போர்த்திக்கொண்டு ஒட்டிப் படுத்திருக்கும் வீடுகள். அவற்றில் ஒன்றில் பிறந்தேன். பாண்டிச்சேரியில் குடியேறிய சித்தி வீட்டில் தங்கிப் பிரெஞ்சு படித்தேன். திரும்பி வந்து தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பித்தேன். படித்த பிரெஞ்சு, மழைக்காலத்துப் பெட்டிக்குள் பட்டுச்சேலை மாதிரிப் பூசணம் பிடித்துக் கிடந்தது.

அப்போது ஒரு புத்தகம் வந்தது. எழுதியவர் ஒரு பிரெஞ்சு அம்மையார். பெயர் வேண்டாம், நான் மதாம் என்றே அழைத்தேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். மத்தியதரைக் கடலோரத்தில் ஒரு குன்றை வாழ்நாளெல்லாம் தோண்டியவர். அங்கே புதைந்து கிடந்த பழைய ஊரில் அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதுதான் புத்தகம். பாண்டிச்சேரியில் எனக்குப் படிப்பித்த ஒருவர் என் முகவரியைக் கொடுத்திருந்தார். முதல் அத்தியாயத்தை மாதிரிக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து மதாமுக்கும் இலண்டன் பதிப்பகத்துக்கும் அனுப்பவேண்டும். மதாமுக்குப் பிடித்தால் புத்தகம் முழுவதும் எனக்கு. அதன் பின்னால் இன்னும் புத்தகங்கள். பிடிக்காவிட்டால் பழையபடி கரும்பலகை. அந்தப் புத்தகம் எனக்கு மலையில் இருந்து இறங்கும் ரயில். அதில் ஏறாமல் விட்டால் இன்னொன்று வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

முதல் அத்தியாயத்தில் ஒரு வரைபடம் இருந்தது. மேட்டில் ஒரு பெரிய கட்டடம். கீழே வரிசையாகச் சின்ன வீடுகள். இரண்டுக்கும் நடுவே வளைந்து ஏறும் ஒரு பாதை. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட, நம்ம தோட்டம்.

மதாம் அந்தக் கட்டடத்தைப் 'பெரிய கட்டடம்' என்று மட்டும் எழுதியிருந்தார். அதில் இருந்தவரை 'அங்கே குடியிருந்தவர்' என்று எழுதியிருந்தார். பக்கத்துக்குப் பக்கம் அதே சொல். இந்த அம்மாவுக்கு என்ன இத்தனை கூச்சம் என்று நினைத்தேன். மேட்டில் வீடு இருந்தால் அதில் இருப்பவர் யார் என்பது எங்கள் லயத்துக் கோழிக்குக்கூடத் தெரியும். நான் கூச்சத்தைப் போக்கிவிட்டேன். பெரிய கட்டடம், 'பேலஸ்' ஆனது. குடியிருந்தவர், 'கிங்' ஆனார்.

பாரிசில் பிறந்தவர் இதைச் செய்திருக்கமாட்டார். இலண்டனில் பிறந்தவரும் செய்திருக்கமாட்டார். பங்களாவை அண்ணாந்து பார்த்தே கழுத்து நீண்டவர்கள் மட்டும் செய்யக்கூடிய தவறு அது.

அந்தக் காலத்தில் என் அலுவலகம், ஹட்டன் கடைத்தெருவில் நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன் ஒருவரின் கொமினிகேஷன் கடை. தொலைபேசி, ஃபெக்ஸ், போட்டோக் கொப்பி, கூடவே குடையும் டோர்ச் பெற்றரியும் விற்பார். வரும் ஃபெக்ஸையெல்லாம் முதலில் அவர் படித்துவிட்டுத்தான் உரியவருக்குக் கொடுப்பார். அது அவர் தரும் இலவசச் சேவை.

"டீச்சர், ஒங்களுக்கு ஒரு ஃபெக்ஸ் வந்தீக்கி. என்ன பாஷையோ தெரியா. ஆனா மிச்சம் கோவமா ஈக்கி."

"பாஷை தெரியாம கோவம் எப்படி நானா தெரியும்?"

"பாருங்களே, கோடு. ஒவ்வொரு வரிக்குக் கீழயும் கோடு. எங்க ஊட்டுல சம்சாரம் சாமான் எழுதித் தந்தா இப்படித்தான். நான் மறந்த சாமானுக்கெல்லாம் கோடு."

நானா சொன்னது சரி. மதாம் எழுதியிருந்தார்: "இந்த மனிதருக்கு முடிசூட்டியது யார்? நான் இல்லை. இவர் தலையில் இருந்து முடியை இறக்குவதற்கே என் ஆயுளைச் செலவழித்திருக்கிறேன். அங்கே அரசன் இருந்தான் என்று என்னோடு மல்லுக்கு நிற்கும் பேராசிரியர் ஒருவர் இருக்கிறார். அவருக்குக் கிடைத்தது ஒரு பெரிய சுவர். எனக்குக் கிடைத்ததும் அதே சுவர். சுவர் பேசவில்லை, மதமுவசேல். நீங்கள் பேச வைத்திருக்கிறீர்கள்."

நான் பின்வாங்கி, 'சீஃப்' என்று போடலாமா என்று கேட்டேன். பிரெஞ்சில் 'ஷெஃப்' என்பது முன்னால் நிற்கும் எவருக்கும் பொருந்தும் தளர்வான சட்டை. ஆங்கில ஆய்வாளர்களின் 'சீஃப்' அப்படியல்ல. குலம், அதற்கு மேலே சீஃப், அதற்கு மேலே அரசு என்று அவர்கள் கட்டிய ஏணியில் அது ஒரு படி. அந்தச் சொல்லைப் போட்டால் மதாமின் மனிதர் அவருக்குத் தெரியாமலே ஏணியில் ஏறி நிற்பார். மதாமுக்கு அது பிடிக்கவில்லை. இலண்டன் பதிப்பாசிரியருக்கு வேறு கவலை: "சீஃப் என்றால் எங்கள் வாசகர்கள் தலையில் இறகு செருகிய ஆளை நினைப்பார்கள். கிங் நன்றாக இருக்கிறது. கிங் விற்கும்."

இலண்டன் என் பக்கம் என்றதும் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. மதாமுக்கு எழுதினேன்: "மேட்டு வீட்டில் இருப்பவர் யார் என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வந்து பாருங்கள். எங்கள் தேர்த் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று காட்டுகிறேன்."

"என்ன டீச்சர் அனுப்பினீங்க?" என்றார் நானா.

"திருவிழாவுக்குக் கூப்பிட்டிருக்கேன்."

"அந்தக் கோட்டுக்காரியவா? வந்தா கடைக்கும் கூட்டி வாங்க. ஒரு தரம் பாக்கணும்."

மதாம் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவருக்குக் கொழும்பில் ஏதோ ஒரு மாநாடு இருந்தது. பதில் சுருக்கமாக வந்தது: "வருகிறேன். நீங்கள் சொன்னது சரியாக இருந்தால் உங்கள் அரசனுக்குக் கையெழுத்துப் போடுகிறேன். தவறாக இருந்தால் வேறு மொழிபெயர்ப்பாளர்."

ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கியவர் ஒல்லியாக, நரைத்து, வைக்கோல் தொப்பியோடு, தரையைப் பார்த்தபடியே நடந்து வந்தார். தோண்டுகிறவர்களுக்கு ஆகாயம் பழக்கமில்லை. எங்கள் லயத்து வாசலுக்கு வந்ததும் குனிந்து தண்ணீர் ஓடும் கானில் இருந்து ஒரு பீங்கான் துண்டை எடுத்து, துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

என் அண்ணி கதவுக்குப் பின்னால் இருந்து என்னைக் கூப்பிட்டாள். "அத நேத்துத்தான் ஒடச்சேன். ஒங்க அண்ணனுக்கு இன்னும் தெரியாது. அந்தம்மாவ கீழ போடச் சொல்லு."

மறுநாள் தேர். எங்கள் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அம்மன் காலடியில் வைத்த பட்டுத்துணியைப் பூசாரி எடுத்து ஒருவர் தலையில் கட்டிவிடுவார். அதுதான் பரிவட்டம். கட்டிக்கொண்டவர் வடத்தை முதலில் தொடவேண்டும். அப்புறம்தான் ஊர் இழுக்கும். வெள்ளைக்காரத் துரை காலத்தில் இருந்து அந்தத் துணி பெரிய துரையின் தலைக்குத்தான். வேதம் வேறானாலும், பாஷை வேறானாலும், தலை அந்தத் தலை. மதாமைக் கோவில் பக்கத்துக் கல்வெர்ட்டுப் பாலத்தின் மேல் நிறுத்திவிட்டு, "பாருங்கள்" என்றேன். எனக்குக் கையெழுத்து கிடைத்துவிட்ட மாதிரியே இருந்தது.

அப்போதைய துரை, கம்பெனி புதிதாக அனுப்பிய இளம் சிங்களவர். நல்ல மனிதர். தமிழைக் கவனமாக, கண்ணாடிக் கிளாஸைத் தூக்குவது போலத் தூக்குவார். கழுத்தில் கமெரா தொங்க வந்து தலையைக் குனிந்து நின்றார். பூசாரி துணியை விரித்தார்.

"பூசாரி, கொஞ்சம் பொறுங்க," என்றார் தலைவர். தோட்டத் தொழிற்சங்கத்தின் தலைவர் அவர். "நாளைக்கு மஞ்சத்தண்ணி. லீவு கேட்டு எத்தன நாளாச்சு. தொர இன்னும் வாயத் தொறக்கல."

துரை குனிந்தபடியே சொன்னார். "தலைவர், எனக்குக் குடுக்கத்தான் ஆசை. ஆனா கொழும்புல கேக்கணும். லீவு குடுக்க எனக்குப் பவர் இல்ல."

"என்ன சொன்னார்?" என்றார் மதாம்.

விழுங்கிக்கொண்டுதான் சொன்னேன். மேட்டு வீட்டில் குடியிருப்பவர், தனக்கு அதிகாரம் இல்லை என்று ஊர் முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டார். மதாம் பேனாவை எடுத்தார்.

"அப்படியென்றால் அரசர் தலைவர்தான்," என்றேன் அவசரமாக. "அவர் சொல்லித்தானே எல்லாம் நின்றிருக்கிறது."

"அவர் எங்கே வசிக்கிறார்?"

"கடைசி லயத்தில்."

"பெரிய வீடா?"

"மழைக்கு ஒழுகும்."

அவர் சிரித்தார். இவ்வளவு தூரம் வந்ததற்கு அது முதல் சிரிப்பு.

பூசாரி இரண்டு கையிலும் துணியை ஏந்தி நின்றார். "அப்ப தலைவருக்கே கட்டிரட்டுமா?"

வடத்தின் இடது பக்கத்தில் மற்றச் சங்கத்துக்காரர்கள். அங்கிருந்து ஒரு குரல்: "கட்டுங்க, கட்டுங்க. நாங்க வடத்த விட்டுர்றோம். அவுங்களே தனியா இழுத்துக்கட்டும்."

"நான் கேட்டனாப்பா?" என்றார் தலைவர்.

"கேக்கல. ஆனா தல குனிஞ்சிச்சே."

கூட்டம் சிரித்தது. தலைவர் தலையை நிமிர்த்தி வைத்துக்கொண்டார். அதன் பிறகு கீழே பார்க்கவேயில்லை.

"பூசாரியே கட்டிக்கொள்ளக்கூடாதா?" என்று மதாம் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"என் தலையில நானே கட்டிக்கிட்டா அதுக்குப் பேரு மரியாதையாம்மா? அது துணி."

இப்படியாகத் தேர் நின்றது. துரை தலைவரைப் பார்த்தார். தலைவர் பூசாரியைப் பார்த்தார். பூசாரி வடத்தைப் பார்த்தார். வடம் பிடித்தவர்கள் துரையைப் பார்த்தார்கள். பார்வை ஊரைச் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே இறங்கியது. தப்பு அடிப்பவர்கள் தப்பைத் தரையில் வைத்துவிட்டு வெற்றிலை எடுத்தார்கள். மலை உச்சியில் இருந்து மழை, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இறங்கி வந்தது.

பால்குடம் சுமந்த பெண்கள் வரிசையின் முன்னால் என் அண்ணி நின்றிருந்தாள்.

"தலைவரே, மழ பேயுது. கொடத்துல பாதி தண்ணி. ஆத்தாவுக்குப் பால ஊத்துறதா, மோர ஊத்துறதா?"

"நான் என்னம்மா செய்ய?"

"யாரு தலையிலயாச்சும் கட்டுங்க. என் தலையில கொடம் இருக்கு, இல்லாட்டி நானே கட்டிக்குவேன்." அவள் கண் கல்வெர்ட்டில் நின்ற வைக்கோல் தொப்பிக்குப் போனது. "அந்தா நிக்கிறாங்களே. அந்தம்மாவுக்குக் கட்டினா என்ன?"

ஊர் முழுக்கத் திரும்பியது. மதாமுக்கு விளக்கினேன். அவர் முகம் சிவந்துவிட்டது. வேகமாக, ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே கோடு போடுவது போலச் சொன்னார்: "முடியாது. நான் பார்க்க வந்தவள். இவர்களிடம் தெளிவாகச் சொல்லுங்கள். நான் இந்த ஊர்க்காரி இல்லை. எந்தச் சங்கத்திலும் இல்லை. என் சொல்லுக்கு இங்கே ஒருவரும் அசையவேண்டியதில்லை. நாளைக்கு ரயிலேறிப் போய்விடுவேன். எனக்கு இந்த இடத்தில் எந்த அதிகாரமும் கிடையாது."

பிள்ளைகளே, இந்த இடத்தில் நான் நடப்பதை நிறுத்திக்கொள்கிறேன். உங்களுக்கும் இது வரும். சுற்றி நிற்கும் எல்லோருக்கும் ஒரு பதில் வேண்டும். உங்கள் வாயில் கொடுக்கப்பட்டிருப்பது வேறு பதில். 'அம்மா சம்மதிச்சிட்டாங்க' என்று சொன்னால் யாருக்குத் தெரியப் போகிறது? மழை நிற்காவிட்டாலும் தேர் நகரும். அண்ணியின் கழுத்து தப்பும். அத்தனை பேருக்கும் நல்லது. ஆனால் வரைபடத்தில் நான் செய்ததும் அதுதானே. அவர் சொல்லாததை, எனக்குத் தெரியும் என்ற தைரியத்தில் எழுதினேன். அதற்கு வாங்கிய கோடுகள் இன்னும் முதுகில் இருந்தன. வாக்கியம் வாக்கியமாக, கூட்டாமல் குறைக்காமல், மழைக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னேன். ஊர்க்காரி இல்லை. சங்கம் இல்லை. ஒருவரும் அசையவேண்டியதில்லை. நாளைக்கு இருக்கமாட்டார். ஒரு அதிகாரமும் கிடையாது.

சொல்லி முடித்ததும் எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

தலைவர் துரையைப் பார்த்தார். துரை தலைவரைப் பார்த்தார். அந்த வருடத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அப்போதுதான்.

"ஊரும் இல்ல, சங்கமும் இல்ல, நாளைக்கு இருக்கவும் மாட்டாங்க," என்றார் தலைவர். "இப்படி ஒரு ஆளத்தானே தேடிக்கிட்டு நிக்கிறோம்."

"எனக்கும் சரி," என்றார் துரை.

"அப்ப வடத்தப் புடிப்போம்," என்றது இடது பக்கம்.

தலைவர் சொன்னதையும் அப்படியே மதாமுக்குச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி என் கையில் தந்தார். பூசாரி துணியைக் கட்டினார். ஈரப்பட்டு, நரைத்த தலை, நெற்றியில் வழியும் மழையும் குங்குமமும். கற்பனையில்கூட ஒருவருக்கும் முடி சூட்டாத அந்தக் கை வடத்தைத் தொட்டது. தப்பு அதிர்ந்தது. தேர், தூக்கத்தில் இருந்து எழும் யானை மாதிரி, ஒருமுறை பின்னால் சாய்ந்து முன்னால் வந்தது. துரை கமெராவைத் தூக்கி ஒரு படம் எடுத்தார்.

தேரோடு நடந்தபடி மதாம் கேட்டார்: "இப்போது எழுதுங்கள். நான் யார்?"

"கிங் இல்லை."

"சீஃப்?"

"சீஃபும் இல்லை."

"பல நூறு வருடம் கழித்து ஒருவர் இங்கே தோண்டினால் அந்தப் பங்களாவின் அடித்தளம் கிடைக்கும். தலைவரின் ஒழுகும் கூரை கிடைக்காது."

"இந்தத் துணியும் கிடைக்காது," என்றேன்.

"ஆம். அதனால்தான் வெறும் 'பெரிய கட்டடம்' என்று எழுதினேன்."

மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஒருவரும் வரவில்லை. மதியம்போல, தான் லீவு கொடுத்துவிட்டதாகத் துரை அறிவித்தார். மதாம் ஹட்டனில் ரயிலேறும்போது அதையும் சொன்னேன். ஜன்னல் வழியாகச் சிரித்துக்கொண்டே, "அடுத்த அத்தியாயங்களை அனுப்பிவைக்கிறேன்," என்றார். வேறு மொழிபெயர்ப்பாளர் பற்றிப் பேச்சே வரவில்லை.

புத்தகம் முழுவதும் உட்கார்ந்து ஒவ்வொரு முடியாக இறக்கினேன். பேலஸ் போனது. கிங் போனார். அவர் இருந்த இடத்தில் எல்லாம், மேட்டுக் கட்டடத்தில் குடியிருந்தவர். ஆங்கிலத்தில் அது இழுத்துக்கொண்டு போகும் ஒரு சொற்றொடர். இலண்டன்காரர் புலம்பினார். "புத்தகம் முடியும்வரை இந்த ஆளுக்கு ஒரு பதவியும் கிடைக்காதா?" கிடைக்காது என்று எழுதினேன்.

அச்சுக்குப் போகும் நாளில் நானா சொல்லியனுப்பினார். கடைக்கு ஓடினேன்.

"டீச்சர், ஒங்கட மதாம் ராணியாகிட்டாவாமே. சொல்லவே இல்ல."

அட்டையின் மாதிரி ஃபெக்ஸில் வந்திருந்தது. துரை எடுத்த படத்தை, தனக்குப் பிடித்திருந்ததால், மதாமே பதிப்பகத்துக்குக் கொடுத்திருந்தார். ஃபெக்ஸில் கரி பூசியது போல் இருந்தாலும் தலைக்கட்டு மட்டும் துல்லியம். அதற்குக் கீழே இலண்டன்காரர் ஆசை தீர எழுதியிருந்தார்: இலங்கையின் மலைவாழ் மக்கள் தங்கள் அரசியாக முடிசூட்டிய ஆசிரியர்.

உள்ளே இருந்து துரத்திய கிங், அட்டையில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

நான் படித்து முடிப்பதற்குள் இயந்திரம் இன்னொரு தாளைத் துப்பியது. பாரிசில் இருந்து. ஒரே வரி: "இதை மொழிபெயர்த்தது யார்?" கோடு, கோட்டுக்குக் கீழே கோடு. அதன் பின்னாலேயே இலண்டனில் இருந்து ஒரு தாள்: பிடிக்காவிட்டால் அதே நீளத்துக்கு வேறு வரி உடனே வேண்டும், அச்சுக்காரர் காத்திருக்கிறார், மதாம் அதை என்னையே எழுதச் சொல்கிறார்.

"'தோட்டத்துக்கு வந்த விருந்தாளி'ன்டு போடுங்களே," என்றார் நானா.

"விருந்தாளிக்கு யாரு நானா பரிவட்டம் கட்டுவா?"

"அப்ப என்னத்துக்குத்தான் கட்டினாங்க?"

குடைகளுக்கும் பெற்றரிகளுக்கும் நடுவே, அவர் மேசையில் சாய்ந்து, அந்தக் கேள்விக்கான பதிலை அப்படியே எழுதினேன். படத்தில்: தேர் நகரவேண்டும் என்பதற்காகத் தலையில் துணி கட்டிக்கொண்ட ஆசிரியர். இலண்டனுக்கு ஒன்று, பாரிசுக்கு ஒன்று. அனுப்பிவிட்டுக் கடைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். நானா இரண்டு பிளேன்ரீ சொன்னார். நான் குடிக்க மறந்தேன்.

இயந்திரம் முனகியது. நானா வழக்கம்போல முதலில் எடுத்துப் பார்த்தார்.

"கோவம் இல்ல டீச்சர்."

"எப்படித் தெரியும்?"

"ஒரு கோடும் இல்ல."

மதாம் எழுதியிருந்தார்: "இந்த வரி அட்டையில் இருக்கட்டும். புத்தகத்தின் கடைசி வாக்கியத்தில், மேட்டுக் கட்டடத்தில் குடியிருந்தவர் யார் என்று நமக்குத் தெரியாது என்று முடித்திருக்கிறேன். அதற்கு அடுத்தாற்போல், ஒருவேளை அவரும் தேர் நகர்வதற்காக அங்கே இருத்தப்பட்டவராக இருக்கலாம் என்று சேர்த்துவிடுங்கள். பிரெஞ்சின் அடுத்த பதிப்பிலும் இது வரவேண்டும். அதற்கு எனக்கு ஒரு உதவி தேவை. இதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது?"